விலை கூடிய மடிக்கணினி: அந்தக் காசு எங்கே போகிறது?

கேள்வி: 2025 ஜூன் 7, கல்முனையிலிருந்து

மகளுக்கு ஒலுவிலில் பொறியியல் பீடம் கிடைத்திருக்கிறது. தோஹாவில் இருக்கும் மைத்துனர் ஓகஸ்ட் விடுமுறையில் வரும்போது அப்பிள் நிறுவனத்தின் மேக்புக் எயார் மடிக்கணினி ஒன்று கொண்டுவருவதாகச் சொல்கிறார். அரைவாசி அவர் போடுவார், மிச்சம் நான். இங்கே கடையில் அதன் பாதி விலைக்கு ‘ஐ7’ என்று ஒன்றைத் தூக்கிக் காட்டுகிறார்கள். விலை கூடியதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, அல்லது பெயருக்குத்தான் காசா? எனக்குக் கணினி பற்றி ஒன்றும் தெரியாது. ஏமாறாமல் இருந்தால் போதும்.

ஜூன் 7, இரவு

மேக் வேண்டாம். அது கூடாத கணினி என்பதால் அல்ல. பொறியியல் பிள்ளைக்கு சொலிட்வேர்க்ஸ் என்ற முப்பரிமாண வரைபு மென்பொருள் தேவைப்படும். அது விண்டோசில் மட்டும் ஓடும். குடிசார் பொறியியல் எடுத்தால் கட்டட வடிவமைப்புக்கான ஈடேப்ஸ், அதுவும் அப்படித்தான். ஓட்டோகேட் என்ற வரைபட மென்பொருளுக்கு மேக் பதிப்பு உண்டு, ஆனால் விண்டோஸ் பதிப்பில் இருக்கும் எல்லாம் அதில் இல்லை. 2020 நவம்பரில் அப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு (கணினியின் மூளையான பாகம்) மாறிய பிறகு, மேக்கில் விண்டோசை நேரடியாக நிறுவும் பழைய வழியும் அடைபட்டுவிட்டது. நான்கு வருடமும் ஒப்படைக்கு முதல் நாள் இரவு தோழியின் கணினியை இரவல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மைத்துனருக்கு இதைச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. வெளிநாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவரும் பொருளுக்குக் குறை சொன்னால் அடுத்த கல்யாண வீடு வரைக்கும் அந்தக் கதை ஓடும்.

ஜூன் 8

மேலே எழுதியது மேக் பற்றிய பதில். விலை தகுமா என்பது வேறு கேள்வி, அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

நான் கல்லடியில் வீட்டிலிருந்து நூல் வடிவமைப்புச் செய்கிறவள். பகல் முழுவதும் மடிக்கணினியோடுதான் பிழைப்பு. மலிவானதும் வைத்திருந்தேன், விலை கூடியதும் வைத்திருக்கிறேன். கடைக்காரர்கள் சொல்லாத ஒன்று: கூடுதல் விலையின் பெரும்பகுதி வேகத்துக்குப் போவதில்லை. எஸ்.எஸ்.டி.யும் (பழைய வன்வட்டைவிட வேகமான சேமிப்பகம்) 16 ஜி.பி. ரேமும் (வேலை நடக்கும்போது பாவிக்கும் நினைவகம்) இருந்தால் மலிவான கணினியும் சொல்செயலி, இணையம், சூம் வகுப்பு எல்லாவற்றையும் தடுமாறாமல் செய்துவிடும். காசு போவது கையும் கண்ணும் படும் இடங்களுக்கு. உடற்கூடு, பிணைச்சல் (மூடியையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் கீல்), திரை, விசைப்பலகை, தொடுபலகை, பற்றரி.

பிணைச்சலைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி விளம்பரத்தில் ஒருவரும் எழுதுவதில்லை. மலிவு மடிக்கணினிகளில் பிணைச்சல் உலோகந்தான். அதைப் பிடித்திருக்கும் திருகாணிகள் இறங்குவது பிளாஸ்டிக்குக்குள் பதித்த சிறிய பித்தளை வளையங்களில். வெப்பத்தில் பிளாஸ்டிக் இளகும், பிணைச்சலில் போட்ட மசகு இறுகும், திறக்க விசை கூடும். ஒரு நாள் வளையம் பிளாஸ்டிக்கோடு பிய்ந்து வெளியே வரும். பிறகு திரையைத் திறக்கும்போதெல்லாம் ஓரம் வாய் பிளக்கும். என்னுடைய முதல் கணினிக்கு உத்தரவாதம் முடிந்த பருவத்தில் இதுதான் நடந்தது. விற்ற கடையில் "இது பாவனைச் சேதம்" என்றார்கள். திறப்பதும் மூடுவதும் பாவனை என்றால் மடிக்கணினியை என்னதான் செய்வது? எங்கள் பக்கத்துத் திருத்துநர் எப்பொக்சி ஊற்றி ஒட்டித் தந்தார். அதன் பிறகு இரண்டு கையாலும் பிடித்துத்தான் திறந்தேன்.

கடையில் ஒரு விரலால் மட்டும் மூடியைத் தூக்கிப் பாருங்கள். அடிப்பாகம் மேசையில் கிடக்க மூடி தனியே எழும்பினால் பிணைச்சல் அளவோடு அமைந்திருக்கிறது. அடிப்பாகமும் சேர்ந்து எழும்பினால் விறைப்பு அதிகம். பிறகு மூடியின் ஒரு மூலையைப் பிடித்துத் திறவுங்கள். திரை முறுகினால் வைத்துவிட்டு வாருங்கள்.

ஜூன் 8, பின்னேரம்

‘ஐ7’ பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அது இன்டெல் நிறுவனம் தன் சில்லுகளுக்கு வைக்கும் பெயர். அந்தப் பெயரை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். இன்டெல் பெயரில் கடைசியில் வரும் எழுத்தைப் பாருங்கள். ஐ7-1255யூ என்பதில் வேகமான கருக்கள் (சில்லுக்குள் கணக்குச் செய்யும் பகுதிகள்) இரண்டுதான், மற்றவை சிக்கனக் கருக்கள். அதே தலைமுறை ஐ5-12500எச் சில்லில் வேகமான கருக்கள் நான்கு. சொலிட்வேர்க்ஸ் ஓடவேண்டிய பிள்ளைக்கு இரண்டாவதுதான் நல்லது, ஆனால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஐ7 இல்லை என்பதால் கடைக்காரர் அதைக் குறைவாகக் காட்டுவார்.

ஏ.எம்.டி. என்ற மற்றச் சில்லு நிறுவனத்திலும் ஒரு வித்தை இருக்கிறது. ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கந்தான் உண்மை பேசும். ரைசன் 5 7520யூ என்றால் மூன்றாவது இலக்கம் 2. உள்ளே இருப்பது 2019இல் வந்த சென் 2 வடிவமைப்பு. 7530யூ என்றால் சென் 3. 7640யூ என்றால் சென் 4. மூன்றிலும் முன்னால் 7 இருக்கிறது, மூன்றும் புதியதாகத் தோன்றும். 7520யூவில் ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைத்தது, 8 ஜி.பி. வாங்கினால் கடைசிவரை 8 ஜி.பி.தான்.

ஜூன் 11

ஏறாவூரிலிருந்து ஒரு வாசகர் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்: நான்கு இலட்சம் ரூபாக் கணினி எட்டு வருடம் உழைத்தால் வருடத்துக்கு ஐம்பதாயிரம், ஒன்றரை இலட்சத்தது மூன்று வருடம் உழைத்தால் அதுவும் ஐம்பதாயிரம், ஆகவே நல்லதையே வாங்கு என்று. கணக்குச் சரி. முதல் நாளே நான்கு இலட்சம் கையில் இருப்பவருக்குச் சரி.

எங்கள் ஊரில் எத்தனை பேர் அப்படி வாங்குகிறார்கள்? ஒன்று நகை அடகுக்குப் போகும், அல்லது சீட்டுக் காசு எடுக்கப்படும், அல்லது கடன் அட்டையில் தவணை. அடகு வட்டியைச் சேர்த்துப் பாருங்கள், அந்த ஐம்பதாயிரம் எங்கேயோ போய்விடும். அதோடு, எட்டு வருடம் என்பது கணினி உழைக்கும் காலம். மேலே கூரை ஒழுகாமல், பஸ்ஸில் பை விழாமல், தம்பியின் மகன் விளையாட்டுக்கு எடுத்துத் தேநீர் ஊற்றாமல் இருந்தால் உழைக்கும் காலம். திரை உடைந்தால் இரண்டுக்கும் ஒரே நாளில் முடிவு, ஆனால் விலை கூடியதன் திரை விலையும் கூடியது. இதை அவருடைய கணக்கில் காணவில்லை.

மறுபக்கமும் சொல்லவேண்டும். 2020 நவம்பரில் மேக்புக் எயார் 999 டொலருக்கு வந்தது. 2025 மார்ச்சில் எம்4 என்ற புதிய சில்லோடு வந்த எயாரும் 999 டொலருக்குத்தான் வந்தது, ரேம் இரட்டிப்பு. அங்கே 2020இலும் 2025இலும் தொடக்க விலை ஒன்றுதான். இங்கே டொலர் 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாவை ஒட்டி நின்றது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது, 2025 நடுப்பகுதியில் 300ஐச் சுற்றி நின்றது. அதற்கு மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமான பெறுமதி சேர் வரி. 2021இல் கடன்பட்டு நல்ல கணினி வாங்கிய என் சிநேகிதியை அப்போது எல்லோரும் ஏசினோம். அடுத்த வருடம் அதே காசுக்கு அதன் பாதிகூட வராது என்றானபோது அவள் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அது அதிர்ஷ்டம், திட்டம் அல்ல. ரூபா விழும் என்று பார்த்துக் கணினி வாங்குவது எனக்கு உடன்பாடில்லை.

ஜூன் 12

அக்கரைப்பற்று நாநா ஒருவர் நல்ல விடயம் ஒன்றைச் சொன்னார். வளைகுடாவில் வாங்கும் மடிக்கணினிகளில் விசைகளின் மேல் அரபு எழுத்தும் சேர்த்து அச்சடித்திருக்கும். வேலைக்கு இடைஞ்சல் இல்லை. பின்னர் விற்கப்போனால் வாங்குகிறவர் அதைக் காட்டியே விலை குறைப்பார். சார்ஜர் பிரச்சினை இல்லை, அங்கேயும் 13 அம்பியர் சதுர முள்தான். உத்தரவாதந்தான் கேட்கவேண்டியது. சில நிறுவனங்களின் உத்தரவாதம் உலகம் முழுதும் செல்லும், சிலவற்றினது வாங்கிய நாட்டோடு முடியும். மைத்துனர் பற்றுச்சீட்டை எறிந்துவிடாமல் கொண்டுவரட்டும்.

நாநா, விலை கூடிய கணினி வாங்கினால் பாமினிக் கோப்புகளின் சிக்கல் தீருமா என்ற உங்கள் மற்றக் கேள்விக்கு: ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்திய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளுக்கும் கணினியின் விலைக்கும் சம்பந்தமே இல்லை. ஐந்து இலட்சம் கொடுத்தாலும் பாமினி பாமினிதான். ஒருங்குறிக்கு மாற்றித்தான் ஆகவேண்டும், மாற்றிய பிறகு ஒரு மனிதர் இருந்து வாசித்துத்தான் ஆகவேண்டும்.

ஜூன் 19

மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. இந்த வெயிலில் எழுதும்போது ஒன்று படுகிறது. மடிக்கணினி மதிப்புரைகள் எல்லாம் குளிரூட்டிய அறையில் எழுதப்படுகின்றன. எங்கள் வீடு ஒருபக்கம் வாவி, மறுபக்கம் கடல். பகலில் வெளியே 35 பாகை, அறைக்குள் மின்விசிறி சூட்டைத்தான் சுற்றி அடிக்கிறது. உப்புக் காற்று எல்லாத் துளைகளுக்குள்ளும் போகும். எச்.டி.எம்.ஐ. துளையின் ஓரம் வெள்ளையாய்ப் பூத்திருப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இங்கே விலை கூடியதற்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும். 2020 நவம்பரிலிருந்து வந்த மேக்புக் எயார் வகைக்கு மின்விசிறியே இல்லை. உப்பையும் புழுதியையும் உள்ளே இழுக்க ஒன்றுமில்லை. தீமை, நீண்ட நேரம் கடும் வேலை கொடுத்தால் சூட்டைத் தள்ளமுடியாமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிர் நாட்டில் இதைக் கவனிக்கவே மாட்டார்கள். மின்விசிறி உள்ள கணினி ஓடிக்கொண்டேயிருக்கும், ஆனால் வருடத்துக்கு ஒருமுறை திறந்து துப்புரவு செய்யவேண்டும். அப்படித் திறக்க விடுமா, இல்லையா என்பதுதான் நான் பார்க்கும் முதல் விடயம். அடிமூடி சாதாரணத் திருகாணியில் கழன்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பற்றரியும் சூட்டுக்குப் பயந்தது. லித்தியம் பற்றரி நூறு சதவீதம் நிரம்பிய நிலையில் சூட்டில் கிடந்தால் கிழடு தட்டும். எப்போதும் சார்ஜரில் குத்தியே வைத்திருப்பவர்கள் 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான புதிய கணினிகளில் இருக்கிறது. மலிவானவற்றில் சிலவற்றில் இல்லை. கடையில் இதையும் கேளுங்கள்.

ஜூன் 20

உலோகக் கூட்டில் கை வைத்தால் மெல்லச் சுரீர் என்கிறது, கணினி பழுதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பழுதல்ல. சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் பாகத்தின் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கூட்டுக்கு வருகிறது. மூன்று முள் செருகியில் எர்த் சரியாக இருந்தால் அது நிலத்துக்குப் போய்விடும். இரண்டு முள்ளில் குத்தினால், அல்லது மூன்று முள் செருகியின் பின்னால் எர்த் கம்பியே இழுக்காத பழைய வீடாக இருந்தால், உங்கள் விரலுக்கு வரும். பிளாஸ்டிக் கூட்டில் இது தெரியாது. இரண்டு மடங்கு காசு கொடுத்து வாங்கிய பொருள் உங்கள் வீட்டு வயரிங்கின் இலட்சணத்தைச் சொல்லித் தருகிறது, அவ்வளவுதான். மின்வினைஞரைக் கூப்பிடுங்கள்.

மின்சாரம் பற்றிய பேச்சு வந்ததால்: பற்றரிக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீணா என்று கேட்கிறவர்கள் 2022ஐ மறந்துவிட்டார்கள். அந்த மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடு முழுக்க இருண்டது. அன்று என்னிடம் ஒரு புத்தகத்தின் கடைசி மெய்ப்பு இருந்தது. பற்றரி கொடுத்த காசுக்கு உழைத்தது. குரங்குக்கு எதிராக வேறு எந்தக் காப்புறுதியும் நான் அறியேன்.

ஜூலை 2

கல்முனையிலிருந்து கேட்டவருக்கு ஒரு மூன்றாம் வழி. இதை முதலிலேயே எழுதாததற்குக் காரணம், பாவித்த பொருள் என்றால் நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள்.

நிறுவனங்களுக்கென்று செய்யப்படும் மடிக்கணினி வரிசைகள் உண்டு. லெனோவோவில் திங்க்பேட் ரி வரிசை, டெல்லில் 2025 வரை வந்த லற்றிட்யூட், எச்.பி.யில் எலைட்புக். புதிதாக வாங்கினால் இவை விலை கூடிய வகையேதான். வெளிநாட்டு அலுவலகங்கள் மூன்று நான்கு வருடம் குத்தகைக்கு எடுத்துப் பாவித்துவிட்டுக் கழிக்கின்றன. அவை கொழும்புக்கு வந்து சேர்கின்றன. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் போனால் அடுக்கி வைத்திருப்பார்கள். உதயதேவி ரயிலில் ஏறிப் போய் வாங்கி வரலாம், இப்போது கல்முனை, காத்தான்குடிக் கடைகளிலும் கிடைக்கின்றன.

இவற்றில் நான் மேலே சொன்ன பிணைச்சல், விசைப்பலகை, கழற்றக்கூடிய அடிமூடி, மாற்றக்கூடிய ரேம் எல்லாம் பெரும்பாலும் இருக்கும். உதாரணத்துக்கு 2018இல் வந்த திங்க்பேட் ரி480. ரேமுக்கு இரண்டு துளை. உள்ளே ஒரு பற்றரி, பின்னால் கழற்றி மாற்றும் இன்னொரு பற்றரி. கணினியை நிறுத்தாமலே பின்பற்றரியை மாற்றலாம். விசைப்பலகையில் தண்ணீர் ஊற்றினால் வழிந்து போக வழி வைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்குக் கறுப்புப் பெட்டி. கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட முடியாது.

பாவித்தது வாங்கும்போது மூன்றைப் பார்க்கவேண்டும். விண்டோசில் பற்றரி அறிக்கை எடுக்கும் கட்டளை இருக்கிறது, தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் அதில் வரும். பயோசில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறதா என்று திறந்து பாருங்கள். பழைய நிறுவனத்தின் பூட்டு இருந்தால் அதை லேசில் கழற்ற முடியாது. திரையை வெள்ளைப் பின்னணியில் முழு வெளிச்சத்தில் வைத்து மூலைகளைப் பாருங்கள்.

திரைதான் இவற்றின் குறை. ஒரே மாதிரிக் கணினியில் நல்ல திரையும் மங்கல் திரையும் வரும், வெளியே எழுதியிருக்காது. 250 நிட்ஸ் வெளிச்சத்துக்கு மேல் ஏறாத திரையோடு எங்கள் விறாந்தையில் பகல் பத்து மணிக்கு உட்கார்ந்தால் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஜூலை 3

திருத்துநர் ஒருவர், ஊர் சொல்லவில்லை, மேலதிகமாக இரண்டு சொன்னார். இரண்டும் முக்கியமானவை.

ஒன்று, இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறைச் சில்லும் ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புப் பாகமும் வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிகிறது. ரி470க்கும் ரி480க்கும் பார்வைக்கு வித்தியாசம் இல்லை, விலையிலும் சிறிதுதான். ஆனால் ரி470இல் வருவது ஆறாம், ஏழாம் தலைமுறை. கடையில் இப்போது அவை ஏன் மலிவாகக் குவிகின்றன என்பதற்கு இதுவே விடை.

இரண்டு, அந்தக் காலத்துத் திங்க்பேட்களில் யூ.எஸ்.பி.-சி துளையை இயக்கும் தண்டர்போல்ட் பகுதிக்கு லெனோவோ ஒரு மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. அது போடாத கணினியில் யூ.எஸ்.பி.-சி துளை நாளடைவில் செயலிழக்கலாம், அந்தத் துளையால்தான் சார்ஜும் ஏறுகிறது. வாங்கிய அன்றே போட்டுவிடுங்கள்.

ஜூலை 20

இதுவரை எழுதியதைத் திரும்ப வாசித்தேன். விலை கூடியது வாங்குகிறவர்கள் எல்லாம் ஏமாளிகள் என்பதுபோலத் தொனிக்கிறது. அப்படி நினைக்கவில்லை. நான் வைத்திருப்பதே அந்த வகைதானே.

நான் அதை வாங்கியது திரைக்காக. மலிவுத் திரைகளில் பல, நிறங்களில் பாதியளவைத்தான் சரியாகக் காட்டும். அட்டைப்படத்தில் நான் வைத்த குங்குமச் சிவப்பு அச்சகத்திலிருந்து செங்கல் நிறமாக வந்து நின்றபோது, பிழை அச்சகத்தினுடையது அல்ல, என் திரை அந்தச் சிவப்பை ஒருநாளும் சரியாகக் காட்டியிருக்கவில்லை. ஆயிரம் பிரதி அட்டையை மீண்டும் அடிக்கிற செலவு என்னவென்று அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரே ஒருமுறை அப்படி நடந்தால், நல்ல திரைக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் பெரிய பங்கு அந்தச் செலவிலேயே போய்விடும். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் காண்பியக் கலை படிக்கும் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்வேன்: நிறம் உங்கள் தொழிலாகப் போகிறது என்றால் திரைக்குக் காசு கொடுங்கள், சில்லுக்கு அல்ல.

கண் விடயமும் இருக்கிறது. இரவில் தொடர்ந்து மெய்ப்புப் பார்க்கிறவளுக்கு எழுத்து ஓரம் பிசிறாமல் இருப்பது ஆடம்பரம் அல்ல. தமிழில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதில்தான் பாதிப் பிழைகள். நெருக்கமான படப்புள்ளித் திரைக்கு மாறிய பிறகு என் கண்ணில் படும் மெய்ப்புப் பிழைகள் கூடின.

ஆனால் விலை கூடிய எல்லாம் நல்லவை என்று இதிலிருந்து எடுக்கவேண்டாம். 2015 முதல் 2019 வரை அப்பிள் தன் மடிக்கணினிகளில் வைத்த பட்டாம்பூச்சி விசைப்பலகை ஒரு தூசி விழுந்தால் எழுத்தை இரண்டு தரம் அடிக்கும், அல்லது அடிக்காது. 2018இல் இலவசத் திருத்தத் திட்டம் அறிவித்தார்கள், வாங்கியவர்கள் போட்ட வழக்கில் 2022இல் ஐந்து கோடி டொலர் இணக்கத்துக்கு வந்தார்கள். அந்தத் தலைமுறை மேக்குகள் இன்னும் கைமாறுகின்றன. அரை விலைக்குக் கிடைத்தாலும் தொடவேண்டாம்.

ஜூலை 21

"அப்படியென்றால் வீட்டிலிருந்து வேலை செய்கிற நீங்கள் ஏன் மேசைக்கணினி வாங்கக்கூடாது?"

நியாயமான கேள்வி. அதே காசுக்கு இரண்டு மடங்கு வேகமும் பெரிய திரையும் வரும், எந்தப் பாகம் போனாலும் மாற்றலாம். யூ.பி.எஸ். ஒன்று வைத்தால் குரங்குக்கும் பதில் உண்டு, பத்து இருபது நிமிடத்துக்கு. என்னிடம் ஒரு மேசைக்கணினி இருந்தது. வெள்ள காலத்தில் அதைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்த அனுபவம் உள்ளவர்கள் இதற்கு மேல் கேட்கமாட்டார்கள். மாடி வீட்டுக்காரர்கள் தாராளமாக வாங்கலாம்.

ஓகஸ்ட் 16

கல்முனை வாசகர் எழுதியிருக்கிறார். மைத்துனர் மேக்குக்குப் பதிலாகக் காசாகவே தந்துவிட்டாராம். கோபம் இல்லை, ஆனால் "கணினி தெரிந்த ஆட்கள் சொன்னால் சரிதான்" என்று இரண்டு தரம் சொன்னாராம். கோபம் இருக்கிறது. மகளுக்கு 16 ஜி.பி. ரேமும் தனி வரைகலைச் சில்லும் உள்ள புதிய விண்டோஸ் கணினி ஒன்று எடுத்திருக்கிறார்கள், நடுத்தர விலை. பாவித்தது வேண்டாம் என்று தாயார் மறுத்துவிட்டார்.

எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரி480 போன்றவற்றில் முப்பரிமாண வரைபு தடுமாறும் என்பதை நான் அழுத்திச் சொல்லியிருக்கவும் இல்லை. தனி வரைகலைச் சில்லுள்ள கணினிக்குச் சார்ஜர் செங்கல் அளவு, பற்றரி சீக்கிரம் இறங்கும். ஒலுவில் விரிவுரை மண்டபத்தில் செருகித் துளைக்குப் பக்கத்து இருக்கையைப் பிடிக்க மகள் முதலாவது ஆளாகப் போகவேண்டிவரும். மிச்சக் காசில் வெளியே வைக்கும் ஒரு வன்வட்டு வாங்கிக் கொடுங்கள். இறுதி வருடச் செயற்றிட்டம் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது.

செப்டெம்பர் 18

இன்டெல் சில்லுள்ள மேக் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது, எடுக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். விற்கிறவர்கள் ஏன் இந்த மாதம் விற்கிறார்கள் என்று யோசியுங்கள். மூன்று நாளைக்கு முன் வந்த மேக்ஓ.எஸ். டாஹோ என்ற இயங்குதளந்தான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஜூனிலேயே அப்பிள் அறிவித்துவிட்டது. பாவித்த மேக் வேண்டுமென்றால் அப்பிளின் சொந்தச் சில்லோடு முதலில் வந்த எம்1 எயார், அதுவும் பழைய உரிமையாளரின் கணக்கிலிருந்து விடுவித்ததை உங்கள் கண்முன்னால் காட்டினால் மட்டும். கணக்குப் பூட்டோடு வந்த மேக்கை யாராலும் பாவிக்க முடியாது. "பிறகு எடுத்துத் தருகிறேன்" என்கிறவரிடம் காசையும் பிறகு தருவதாகச் சொல்லுங்கள்.

8 ஜி.பி. எம்1 போதுமா என்றால், எழுத்துக்கும் இணையத்துக்கும் இன்றைக்குப் போதும். ரேமும் எஸ்.எஸ்.டி.யும் பற்றவைத்தவை, பிறகு கூட்டமுடியாது. பலகை செத்தால் உள்ளே இருக்கும் கோப்புகளும் அதோடு போகும்.

ஒக்டோபர் 15

நேற்றோடு விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தது. வாழைச்சேனையிலிருந்து ஓர் ஆசிரியர், தன் பழைய ஐ3 கணினியை எறிந்துவிட்டு ஒன்றரை இலட்சத்துக்குப் புதியது வாங்கவேண்டுமா என்று கேட்கிறார். வேலை என்ன என்று கேட்டேன். வினாத்தாள் தட்டச்சு, மின்னஞ்சல், சூம்.

வாங்கவேண்டாம், ரீச்சர். வன்வட்டை எடுத்துவிட்டு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று போடச் சொல்லுங்கள், ரேம் 8 ஆக்குங்கள், விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவச் சொல்லுங்கள். தமிழ் ஒருங்குறித் தட்டச்சு அதிலேயே இருக்கிறது. பாமினியில் இருக்கும் பழைய வினாத்தாள்களை மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள். அச்சுப்பொறி என்ன மாதிரி என்று எழுதுங்கள், சில மாதிரிகள் லினக்சில் முரண்டு பிடிக்கும், பார்த்துச் சொல்கிறேன்.